வாத்தியாரின் வண்டி

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் ஐம்பதாம் எண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு என்றும் குறைவில்லை. அவற்றின் பின்னால் அகப்பட்டுக்கொண்ட சிறு வண்டிக்காரர் எவரும், நேரான பாதை கிடைக்கும்வரை பொறுமை காத்தாக வேண்டும். 2016-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வாறே பொறுமை காத்தார். பக்கத்தில் அவர் மனைவி அமர்ந்திருந்தார். காஹாங்கில் வசிக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்பட்ட பயணம் அது. நேர்ப்பாதை வந்தது. எதிரே வெகுதொலைவில் மட்டுமே ஒரு வண்டி தெரிந்தது. ஆசிரியர் வலப்புறம் ஒதுங்கி ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

இயந்திரம் ஓலமிட்டது, வண்டியோ விரையவில்லை. லாரியின் பாதி நீளத்திற்கு வந்த நிலையில், முன்னேறவும் இயலாமல் பின்வாங்கவும் மனமில்லாமல் சில நொடிகள் கழிந்தன. தொலைவில் தெரிந்த வண்டி இப்போது பெரிய பேருந்தாக உருக்கொண்டு விளக்கை மின்னி மின்னி அணைத்தது. ஆசிரியர் காலை எடுத்துப் பிரேக்கை மிதித்து, லாரியின் வாலுக்குப் பின்னால் மீண்டும் ஒண்டிக்கொண்டார். பேருந்து காற்றடித்துக் கடந்தது. வண்டிக்குள் கருகிய நெடி ஒன்று பரவியது. அம்மையார் கண்களைத் திறந்தபோது சொன்ன சொல் ஒன்றுதான்: “வீட்டுக்குத் திருப்புங்க.”

அன்றிலிருந்து அவர் அந்த வண்டியில் ஏறவில்லை.

அந்த வண்டி ஒரு புரோட்டோன் சாகா. 1983-இல் நிறுவப்பட்ட தேசியக் கார் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் மக்கள்முன் கொண்டுவந்த முதல் மலேசியக் கார் அது. மிட்சுபிஷியின் லான்சர் பியோரே என்னும் ஜப்பானிய வண்டியை அடிப்படையாகக் கொண்டு உருவானது எனினும், அந்நாளில் சொந்தப் பிள்ளையைப்போல் அதைக் கொண்டாடாத மலேசியர் அரிது. சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். செக்கச் சிவந்த, வழுவழுப்பான அதன் விதையைத் தமிழர் மஞ்சாடி என்றும் ஆனைக்குண்டுமணி என்றும் அழைப்பர். பொற்கொல்லர் பொன் நிறுக்கப் பயன்படுத்திய விதை அது. ஆசிரியர் பணியாற்றிய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில் அம்மரம் ஒன்று நின்றிருந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பிக்க அவர் கையாண்ட கருவி அம்மரத்தின் விதைகளே. ஆகவே 1988-இல் அரசாங்கக் கடன் பெற்று அவர் வாங்கிய முதல் வண்டிக்கு அப்பெயர் வாய்த்தது தமக்கென்றே செய்த ஏற்பாடுபோல் அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்த வண்டி சுமந்தவற்றைக் கணக்கிட முடியாது. இரு பிள்ளைகளின் பள்ளிப் பருவம், மகளின் திருமணச் சீர், மாமனாரின் கடைசி மருத்துவமனைப் பயணம் ஆகிய அனைத்தும் அதன் இருக்கைகளில் நடந்தேறின. 2001-இல் ஓய்வு பெற்றபின், பேருந்து எட்டிப் பார்க்காத ஒரு தோட்டத்து லயத்திற்கு வாரம் இருமுறை சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார் ஆசிரியர். அதற்கும் அந்த வண்டியே துணை. வண்டி நின்றால் வகுப்பும் நிற்கும். அம்மையாரின் நீரிழிவுப் பரிசோதனைக்கு வாடகைக் கார் பிடித்தாக வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, எழுபது வயதில் ஒருவர் ஓட்டுவதை நிறுத்தினால் மீண்டும் தொடங்குவது அரிது என்பதை அவர் அறிந்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமா? ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவரும் மகன், வண்டியைப் ‘பொத்தோங்’ கடைக்குத் தள்ளிவிடும்படி தொலைபேசியில் கூறினார். பழைய வண்டிகளை அறுத்து உறுப்பு உறுப்பாக விற்கும் கடைக்கு நம்மவர் வழங்கும் மலாய்ப் பெயர் அது. இதிலொரு வேடிக்கை உண்டு. அந்த மகனே நான்கு ஆண்டுகளுக்குள் இருமுறை கிளட்ச் மாற்றியவர். 1924-இல் திறக்கப்பட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய ஜொகூர் பாலத்தைக் காலையும் மாலையும் கடக்கச் சிலவேளை மணிக்கணக்கில் ஆகும். அரைக் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகரும் அந்த ஊர்வலம் தின்று தீர்த்த கிளட்ச் தகடுகளை அடுக்கினால் இன்னொரு பாலமே கட்டலாம். இரண்டாம் முறை மாற்றியபின் அவர் தானியங்கி கியர் வண்டிக்கு மாறிவிட்டார். தந்தையும் மாறவேண்டும் என்பது அவர் கட்சி.

அருகிலிருந்த பட்டறையொன்றில் காட்டியபோது, வண்டியை ஓட்டிப் பாராமலேயே இயந்திரம் தளர்ந்துவிட்டது, முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். கேட்ட தொகை ஆசிரியரின் மூன்று மாத ஓய்வூதியத்தை விழுங்கிவிடும். ஆற்றல் குறைந்த இயந்திரமும் பிடிப்பு இழந்த கிளட்சும் ஓட்டுநருக்கு ஒரே தோற்றம் காட்டும்; இரண்டிலும் வண்டி ஏறமாட்டேன் என்று முரண்டுபிடிக்கும். ஆனால் தளர்ந்த இயந்திரம் மெதுவாகச் சுழன்று முனகும். கிளட்ச் வழுக்கினாலோ இயந்திரம் வேகமாகச் சுழன்று கத்தும்; சுழற்சி சக்கரங்களுக்குப் போய்ச் சேராது. செய்யாத வேலைக்குக் கூச்சல் போடுவதே வழுக்கும் கிளட்சின் அடையாளம். காஹாங் சாலையில் கேட்டது ஓலமா, முனகலா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் வேறொருவர். பத்து பகாட் செல்லும் வழியில் துத்தநாகக் கூரையின்கீழ்ப் பட்டறை வைத்திருந்த அந்தப் போர்மேனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நம் நாட்டில் வண்டி பழுதுபார்ப்பவரைப் போர்மேன் என்றே அழைப்பது வழக்கம். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குமுன் அதே ஆசிரியரிடம் படித்த மாணவர் அவர். கணக்கில் கெட்டி, கட்டுரையில் ஒற்றுப்பிழை மலிந்தவர். ஆசிரியர் வண்டியை விட்டு இறங்கியதும், கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “வாங்க சார், பசியாறிட்டீங்களா?” என்றுதான் தொடங்கினார். பின்னர் வண்டியைத் தொடாமல் பத்து நிமிடம் கேள்விகள் மட்டுமே கேட்டார். எந்தக் கியரில் முதலில் தெரிந்தது? மேட்டிலா, சமதரையிலா? வாடை வந்ததா? கியர் மாற்றும்போது பற்கள் கடிபடுகின்றனவா? எண்ணெய் குறைகிறதா?

கியர் கடிபடவில்லை என்று தெரிந்ததும் ஒரு வழி அடைபட்டது. கிளட்சுக்கு இரு நோய்கள் உண்டு. விடவேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொள்வது ஒன்று. அப்போதுதான் கியர் கத்தும். பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்த் திசையில் இருப்பதால், நோயை மாற்றி அறிந்தவர் கேபிளைத் திருகினால் உள்ளதும் கெடும்.

கிளட்சின் தத்துவம் எளியது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் அட்டையை வைத்து இறுக அழுத்திக்கொண்டு கைகளைத் திருப்பினால் அட்டையும் சேர்ந்து திரும்பும். கைகளைச் சற்றே விலக்கினால் அட்டை நின்றுவிடும். ஓர் உள்ளங்கை, இயந்திரத்தின் முனையில் சுழலும் கனத்த இரும்புத் தட்டான ஃபிளைவீல். மறு உள்ளங்கை, அதனோடு சேர்த்து முடுக்கப்பட்ட பிரஷர் பிளேட். இடையில் இருக்கும் அட்டையே கிளட்ச் தகடு. அதன் நடுவிலுள்ள பற்கள் கியர் பெட்டியின் தண்டைப் பற்றியிருக்கும். காலால் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து, பிரஷர் பிளேட்டிலுள்ள வில்லின் விரல்களை அழுத்தி, பிடியை விலக்குகிறது. காலை எடுத்தால் வில்லின் அழுத்தம் மீண்டும் பிடியை இறுக்குகிறது. ஆக, மனிதன் பெடலில் செய்யும் வேலை பிடிப்பது அன்று, விடுவிப்பதே. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் பல கிளட்சுகள் நீண்ட நாள் வாழ்ந்திருக்கும்.

தகட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டுள்ள உராய்வுப் பூச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய காலணித் தோலைப் பிரேக் கட்டையில் வைத்து ஓட்டியதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், அதிலிருந்து எண்ணம் பிறந்து, 1897-இல் உராய்வுப் பொருள் தொழிலைத் தொடங்கினார் என்பர். அவர் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து உருவானதே ஃபெரோடோ என்னும் பெயர். பின்னாளில் அப்பூச்சில் கல்நார் கலந்தனர். வெப்பத்தைத் தாங்கியது, ஆனால் அதன் தூசி நுரையீரலைத் தின்றது. போர்மேன் தொழில் பழகிய நாளில் கியர் பெட்டியை இறக்கியதும் காற்றுக் குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவதே வழக்கம். யாரும் மூக்கை மூடியதில்லை. இப்போது அவர் ஈரத்துணியால் மட்டுமே துடைக்கிறார். பழைய வண்டியின் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கேள்விகள் முடிந்தபின் சோதனை. வண்டியை நிறுத்திய நிலையில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, இயந்திரத்தைச் சற்றே முடுக்கி, கிளட்ச் பெடலை மெல்ல விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் இயந்திரம் ஓர் உலுக்கலோடு அணைந்துபோக வேண்டும். ஆசிரியரின் வண்டியில் பெடல் முழுவதும் மேலே வந்தபின்னும் இயந்திரம் ஒன்றும் நடவாததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. உடனே சாவியைத் திருப்பி அணைத்தார். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்தல் ஆகாது. சோதிக்கும்போதே தகடு தீய்ந்துபோகும்.

அடுத்து, வண்டியின் அடியில் படுத்து, இயந்திரமும் கியர் பெட்டியும் சேரும் இடத்தை விரலால் தடவி முகர்ந்தார். இயந்திரத்தின் பின்புற எண்ணெய்ச் சீல் கிழிந்திருந்தால் கருத்த எண்ணெய் கசிந்திருக்கும். கியர் பெட்டியின் சீல் கெட்டிருந்தால் கந்தக வாடையடிக்கும் எண்ணெய் வந்திருக்கும். எண்ணெய் பட்ட தகடு எவ்வளவு புதியதானாலும் வழுக்கும். சீலை மாற்றாமல் தகட்டை மட்டும் மாற்றிவிட்டு இரண்டே மாதத்தில் மறுபடியும் வண்டியை இறக்கியவர்கள் ஏராளம். விரல் உலர்ந்தே இருந்தது. இரண்டாம் வழியும் அடைபட்டது.

“சார், நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்.”

ஆயர் ஈத்தாம் பக்கமாக ஐந்து கிலோமீட்டர் சென்று திரும்பினர். போர்மேன் சாலையைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் ஓசையையும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அவர் பார்வை முழுவதும் ஆசிரியரின் கால்களில் இருந்தது. கியர் மாற்றும்போது இடது கால் கிளட்சை மிதித்தது. மாற்றிய பின்னும் அது தரைக்குத் திரும்பவில்லை. அடுத்த கியர்வரை, அதற்கடுத்த கியர்வரை, சமதரையில் நான்காம் கியரில் செல்லும்போதுங்கூட, செருப்பணிந்த அந்தப் பாதம் பெடலின்மீது பறவை கிளையில் அமர்வதுபோல் அமர்ந்திருந்தது. பாரம் பெரிதில்லை. ஒரு காலின் எடை மட்டுமே.

பட்டறைக்குத் திரும்பியதும் போர்மேன் எதுவும் சொல்லவில்லை. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். கேபிளால் இயங்கும் கிளட்சில், பெடல் தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் எதையும் தொடாமல் வெறுமனே இறங்க வேண்டும். பெடலின் ஆட்டம் என்று பட்டறைகளில் அதைச் சொல்வார்கள். அந்த ஆட்டம் துளியும் இல்லை. தொட்டதுமே பெடல் கனத்தது. இயந்திர அறையின் பின்சுவரில் கேபிளைச் சரிசெய்யும் திருகு இறுகிய நிலையிலேயே நின்றது.

“இத யாரு சார் இழுத்து வச்சது?”

“நான்தான் சொல்லி இழுக்க வச்சேன், தம்பி. ரெண்டு வருசம் இருக்கும். பெடல் லொடலொடன்னு ஆடிச்சு. முட்டி வலி வேற. அவ்வளவு ஆழமா மிதிக்க முடியல.”

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. தகடு தேயத் தேயப் பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நோக்கி நெருங்கும்; அதனால் வில்லின் விரல்கள் பின்னோக்கிச் சாய்ந்து ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். பெடலில் இருக்கும் அந்த ஓர் அங்குல ஆட்டம் இதற்காக விடப்பட்ட இடைவெளி. தகடு தேய்வதை அந்த இடைவெளி தன்மேல் ஏற்றுக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை கேபிளைத் தளர்த்தி அதை மீட்டுக்கொடுக்க வேண்டும். ஆசிரியரோ குறைபாடு என்று எண்ணி அதை ஒழிக்கச் சொன்னார். ஒழித்ததும் பேரிங் இடையறாது விரல்களைத் தொட்டுக்கொண்டே சுழன்றது. மேலே காலின் எடை. வில் முழு வலுவோடு பிடிக்க முடியாத நிலையில் தகடு ஒவ்வொரு மேட்டிலும் இம்மி இம்மியாக வழுக்கியது. வழுக்கியதால் தேய்ந்தது, தேய்ந்ததால் விரல்கள் மேலும் நெருங்கின, மேலும் வழுக்கியது. இரண்டு ஆண்டுகள் எவரும் அறியாமல் நடந்த தேய்வு, காஹாங் சாலையில் லாரியின் பக்கத்தில் ஒரே நொடியில் வெளிப்பட்டது.

கேபிளைத் தளர்த்தியதோடு வேலை முடிந்துவிடும் என்றால் போர்மேன் மகிழ்ந்திருப்பார். தளர்த்திப் பார்த்தார்; ஆட்டம் வந்தது, பிடிப்பு வரவில்லை. தகடு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மறுநாள் இறக்குவதென்று முடிவாயிற்று.

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியில் கிளட்சை அடைவது வீட்டின் பின்கட்டிலுள்ள பெட்டியை எடுக்க முன்கட்டுச் சாமான்கள் அனைத்தையும் வெளியே வைப்பதற்கு ஒப்பாகும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்து, இரு சக்கரத் தண்டுகளையும் உருவி, கேபிளையும் கியர் கம்பிகளையும் விடுவித்து, இயந்திரத்தை மேலிருந்து சங்கிலியால் தாங்கி, கியர் பெட்டியை ஜாக்கியின்மேல் அமர்த்திப் பின் மெல்லப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். போர்மேனும் அவருடைய உதவியாளான வங்காளதேச இளைஞரும் காலை எட்டு மணிக்குத் தொடங்கினர். ஆசிரியர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, நாளிதழை விரித்துவைத்து, ஒரு வரியும் படிக்காமல் இருந்தார்.

பத்தரை மணிக்குத் தகடு வெளியே வந்தது. ஆணித் தலைகள் பூச்சோடு சமமாகி, ஒரு பக்கத்தில் அதைத் தாண்டியும் நின்றன. அவை ஃபிளைவீலின் முகத்தில் வட்டமாகக் கீறியிருந்தன. இரும்பில் மயிற்கழுத்து நீலம் பூத்திருந்தது. அழகிய நிறந்தான், ஆனால் இரும்பு எவ்வளவு சூடேறியது என்பதற்கு அதுவே சாட்சி. ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றினால் மணல் அரைபடுவதுபோன்ற ஓசை. புதிய தகட்டை இந்த முகத்தின்மேல் வைத்தால் பிடிப்பு சமமாக இராது. புறப்படும்போது வண்டி அதிரும். ஆகவே ஃபிளைவீலைக் கழற்றி, நகரிலுள்ள சீனத் தவுக்கே ஒருவரின் கடைசல் பட்டறைக்கு அனுப்பினர். வெடிப்பில்லை, இலேசாகச் சீவினால் போதும் என்று செய்தி வந்தது. ஒரு நாள் தாமதம்.

அந்த ஒரு நாளில்தான் போர்மேனுக்கு உண்மையான வேலை இருந்தது எனலாம். புதிய தகடு பொருத்துவது பெரிதன்று. காரணத்தைச் சொல்லாமல் பொருத்தினால், மூன்று ஆண்டுகளில் வண்டி திரும்பி வரும். அல்லது மறுபடியும் ஒரு லாரியின் பக்கத்தில் நிற்கும். சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? இருபத்தெட்டு ஆண்டு ஓட்டியவரிடம், ஒரு விபத்துத் தண்டனையும் பெறாதவரிடம், அதிலும் தமக்கு எழுத்தறிவித்தவரிடம், ‘உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று எந்தப் பணிவான சொல்லால் சொல்ல முடியும்? ஆசிரியர் அந்நாளில் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் முறை போர்மேனுக்கு நினைவிருந்தது. பிழையின்கீழ்ச் சிவப்புக் கோடு இடுவார். வகுப்பில் பெயரைச் சொல்லமாட்டார். ஏட்டைத் திருப்பித் தரும்போது பிழையான பக்கத்தை மட்டும் மடித்துத் தருவார்.

மறுநாள் ஃபிளைவீல் வெள்ளித்தட்டுபோல் திரும்பி வந்தது. இயந்திரத்தின் பின்புறச் சீல் கசியவில்லை எனினும், கை எட்டும்போதே மாற்றிவிடுவது அறிவு என்று அதையும் புதிதாகப் போட்டார் போர்மேன். சில வெள்ளிச் சாமானுக்காக மீண்டும் இரண்டு நாள் கூலி கொடுப்பானேன்? புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் பூசி அனுப்பும் எண்ணெய்ப்பசையைத் துடைத்தெடுத்தார். இதை மறந்து முதல் நாளே வழுக்கவிட்ட புதுப் போர்மேன்கள் உண்டு. தகட்டின் வில்கள் புடைத்த பக்கம் கியர் பெட்டியை நோக்கியதா என்று இருமுறை பார்த்தார். நடுவில் ஒரு போலித் தண்டைச் செருகித் தகட்டை மையத்தில் நிறுத்தி, திருகுகளை எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக முடுக்கினார். தண்டின் பற்களில் நகக்கண் அளவே கிரீஸ். மையம் தவறினால் கியர் பெட்டி உள்ளே நுழையாது. தள்ளித் திணித்தால் தகட்டின் நடு வளையும். பெட்டி ஒரே தள்ளில் போய் அமர்ந்தபோது உதவியாள் இளைஞர் சிரித்தார்.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தபின், போர்மேன் பட்டறையின் மூலையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து வந்தார். ரப்பர் மரப் பலகையைச் சரிவாக அறுத்து, மேலே பழைய டயர்த் தோலை ஆணியடித்து வைத்திருந்தார். கிளட்ச் பெடலுக்கு இடப்புறம், தரைவிரிப்பின்கீழ் அதை இரு திருகுகளால் இறுக்கினார்.

“இது எதுக்கு, தம்பி?”

“கால் வைக்க சார். முட்டி வலிக்குதுன்னீங்களே.”

ஆசிரியர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இடது காலை அந்தக் கட்டையின்மேல் வைத்தார். பிறகு பெடலைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். மேசைமேல் செய்தித்தாளில் கிடந்த பழைய தகட்டை அவர் முதல் நாளே கையில் எடுத்துப் பார்த்திருந்தார். சற்று நேரம் பேச்சில்லை.

“எத்தனை நாளா இப்படி வச்சிருந்தேன்?”

“தெரியல சார். எல்லாரும் வைக்கிறதுதான்.”

“எல்லாரும் வைக்கிறது பிழை இல்லாம ஆயிடுமா?” என்றார் ஆசிரியர். பழைய வகுப்பறைக் குரல் அது. அதைக் கேட்டுப் போர்மேன் தலையைச் சொறிந்தார். பெடலின் ஆட்டம் ஓர் அங்குலம் இருக்கும், அதை யாரிடமும் இழுக்கச் சொல்லக்கூடாது, முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவேண்டும், மேட்டில் நிற்கும்போது கிளட்சில் தாங்காமல் கைப்பிரேக் போடவேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சாமான் வாங்கிய பில்லின் பின்புறத்தில் அவற்றை எழுதிக்கொண்டார். கூலியில் பாதியைத் திருப்பித் தர முயன்ற மாணவரின் கையைப் பிடித்து மூடினார். மொத்தச் செலவு முன்பு கேட்ட பட்டறையின் தொகையில் கால் பங்கைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியே காஹாங்வரை சென்று திரும்பினார். லாரி எதையும் முந்தவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டத்து வகுப்பு நடந்தது. அம்மையார் மட்டும் அசையவில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் நாள் வந்தபோது வாடகைக் காரைக் கூப்பிட எண்ணைத் தேடினார். ஆசிரியர் வற்புறுத்தாமல், பழைய தகட்டைச் செய்தித்தாளோடு கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் அட்டையைப் பிடித்துக் காட்டி, நடந்தது முழுவதையும் விளக்கினார். தம் காலைப் பற்றியும் சொன்னார். முப்பது ஆண்டுக் கற்பித்தலில் அதைவிடக் கடினமான பாடத்தை அவர் நடத்தியிருக்க மாட்டார். அம்மையார் ஆணித் தலைகளை விரலால் தடவிப் பார்த்தார். கருகிய நெடி இன்னும் அதில் இருந்தது.

“வண்டியக் குத்தம் சொன்னேனே,” என்றார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு போய் முன்னிருக்கையில் அமர்ந்தார். வண்டி தெருவைக் கடந்து, கடைத்தெருவின் சமிக்ஞை விளக்கில் நின்று, மறுபடியும் புறப்பட்டு, நான்காம் கியருக்கு மாறியது. அம்மையார் சாலையைப் பார்க்கவில்லை. கீழே, தம் கணவரின் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மருத்துவமனைச் சாலை திரும்பும் இடத்தில் ஒருமுறை மட்டும், மெல்லிய குரலில், “ஏங்க, கால்,” என்றார்.

ஆசிரியர் பாதத்தைக் கட்டையின்மேல் வைத்தார்.